கறவை மாடும் உயிரியல் தொழில்நுட்பமும்: கேரளம் கற்பிக்கும் கணக்கு

திருவனந்தபுரத்தின் வடபுறத்தே உள்ள கழக்கூட்டம், 1990-ஆம் ஆண்டில் தோன்றிய டெக்னோபார்க்கினால் இன்று நாடெங்கும் அறியப்பட்ட ஊராகும். அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை வழியே மேலும் வடக்கே சென்றால் தோன்னய்க்கலில் உயிர் அறிவியல் பூங்கா எழுந்துள்ளது. ஆயினும் சாலையை விட்டுச் சற்று உள்ளே நடந்தால், வீட்டின் பின்புறச் சார்ப்பில் ஒரே ஒரு பசுவைக் கட்டி வளர்க்கும் குடும்பங்களை இப்போதும் காணலாம். உயிரியல் தொழில்நுட்பம் என்றதும் நம்மில் பலருக்கு ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய்களே நினைவுக்கு வருகின்றன. கால்நடைத் துறையைப் பொறுத்தவரை அதன் பயனை அளக்க வேண்டிய இடம் அந்தப் பின்புறச் சார்ப்பேயாகும்.

இத்துறையில் கேரளத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. நிலம் குறைவு; மேய்ச்சல் தரை அதனினும் குறைவு; நாட்டுப் பசுக்கள் கொடுத்த பாலோ வீட்டுத் தேவைக்கே போதாத நிலை. எனவே 1963-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் ஒத்துழைப்புடன் மூணாறுக்கு அருகே மாட்டுப்பட்டியில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. (இடத்தின் பெயரும் திட்டத்துக்குப் பொருத்தமாகவே அமைந்தது.) பிரௌன் சுவிஸ் பொலிகாளைகளின் விந்து நாட்டுப் பசுக்களுக்குச் செலுத்தப்பட்டது. பின்னர் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் இரத்தமும் சேர்ந்து 'சுனந்தினி' என்னும் கலப்பினம் உருவாயிற்று. திரவ நைட்ரஜனில் பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிரில் பாதுகாக்கப்படும் உறைவிந்து, மலையில் நின்ற காளையின் பயனைக் கடலோரக் கிராமத்துக்குக் கொண்டு சேர்த்தது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மாட்டினம் சுமார் 13.4 இலட்சம். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கலப்பினமே.

இனி ஒற்றைப் பசுவின் வரவு செலவைப் பார்ப்போம். சினைப்படாத பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை சினைப்பருவத்துக்கு வருகிறது. அப்பருவம் ஒரு நாள்கூட முழுமையாக நீடிப்பதில்லை. அதனைக் கவனிக்கத் தவறினாலோ, கருவூட்டல் பலிக்காமற் போனாலோ, மேலும் மூன்று வாரத் தீவனச் செலவு வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. செயற்கைக் கருவூட்டலில் மூன்றுக்கு ஒன்று பலித்தாலே நன்று என்பது நம் நாட்டுக் களநிலை. வைக்கோலின் பெரும் பகுதி தமிழ்நாட்டிலிருந்து லாரிகளில் வர வேண்டியிருக்கும் மாநிலத்தில் இந்த மூன்று வாரம் சிறு இழப்பன்று. இத்தனைக்கும் பிறகு பிறப்பது காளைக் கன்றாயின், உழவுக்கு மாடு தேவைப்படாத இக்காலத்தில் அதனால் குடும்பத்துக்கு வருமானம் சொற்பமே.

பாலினம் பிரித்த உறைவிந்து இக்குறையை நீக்க முற்படுகிறது. கிடாரிக் கன்றைத் தரும் விந்தணுவில், காளைக் கன்றைத் தருவதைவிட மரபுப் பொருள் சுமார் 4 சதவீதம் கூடுதலாக உள்ளது. சாயம் ஏற்றிய விந்தணுக்களை லேசர் கதிரின் முன் ஒவ்வொன்றாகச் செலுத்தி, ஒளிரும் அளவைக் கொண்டு பிரிக்கிறார்கள். விளைவு: பிறக்கும் கன்றுகளில் பத்துக்கு ஒன்பது கிடாரியாக அமையும். நெடுங்காலம் அயல்நாட்டு உரிமையில் இருந்த இம்முறைக்கு 2024 அக்டோபரில் உள்நாட்டுத் தொழில்நுட்பம் அறிமுகமாயிற்று. ஒரு குச்சிக்குச் சுமார் 200 ரூபாய் குறைப்பது அதன் நோக்கம். ஆனால் பிரிக்கும்போது விந்தணுக்கள் நலிவடைகின்றன. ஒரு குச்சியில் அடங்கும் எண்ணிக்கையும் குறைவு. ஆகவே சினைப்படும் வாய்ப்பு வழக்கமான விந்தைவிடச் சற்றுக் குறைகிறது. பத்துப் பசுக்கள் உள்ள பண்ணை இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒரே பசு உள்ள வீடு தாங்காது. மானியத்தைச் செலுத்தும் குச்சிகளின் எண்ணிக்கைக்குக் கொடுப்பதைவிட, உறுதிப்பட்ட சினைக்குக் கொடுப்பதே முறையென்பது என் கருத்து. இலக்கை எட்டியதாக அறிக்கை எழுதுவதற்கு முதல் முறை எளிது என்பதை நான் மறுக்கவில்லை.

கரு மாற்றமும் குளோனிங்கும் செய்தித்தாள்களில் பெற்ற இடம் பெரிது. கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எருமைக் கன்றொன்றைக் குளோனிங் முறையில் பிறப்பித்தது. அது சில நாட்களே உயிர் வாழ்ந்தது. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிறந்த 'கரிமா-2' வளர்ந்து, 2013-ஆம் ஆண்டில் தானே கன்று ஈன்றது. அறிவியலில் இது அருஞ்செயல். ஆனால் சிறு விவசாயியின் வாசலுக்கு வரும் பொருளாக அது இன்னும் ஆகவில்லை.

கேரளத்தின் கணக்கேட்டில் செலவுப் பக்கமும் ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டுக் கால்நடை அபிவிருத்திச் சட்டம், உரிமம் பெறாத காளைகளை இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. நாட்டுக் காளைகள் காயடிக்கப்பட்டன. வைக்கத்துக்கு அருகே, வேம்பநாட்டு ஏரிக்கரையில் உள்ள வெச்சூர் என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய குட்டை மாடு, இருபது ஆண்டுகளுக்குள் மறையும் நிலைக்கு வந்தது. சுமார் 90 சென்டிமீட்டர் உயரமே உள்ள இம்மாடு உலகின் மிகச் சிறிய மாட்டினங்களில் ஒன்று. நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று லிட்டர் பாலே தரும். ஆனால் உண்பதும் மிகக் குறைவு. வெப்பத்தையும் ஈரத்தையும் அது தாங்கும் அளவுக்குக் கலப்பினம் தாங்குவதில்லை. 1989-ஆம் ஆண்டில் மண்ணுத்தியில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப், தம் மாணவர்களுடன் கிராமம் கிராமமாகத் தேடி, எஞ்சியிருந்த சில மாடுகளைச் சேர்த்து அந்த இனத்தைக் காக்கத் தொடங்கினார். அவருக்கு 2022-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதில் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. எந்த உறைவிந்து வெச்சூர் இனத்தை ஓரங்கட்டியதோ, அதே உறைவிந்துதான் இன்று அதனைச் சேமித்து வைக்கவும் உதவுகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிரியல் தொழில்நுட்ப நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் 'இண்டிகௌ' என்னும் மரபணுச் சில்லை வெளியிட்டது. கிர், காங்க்ரேஜ், சாகிவால், ஓங்கோல் போன்ற நாட்டினங்களின் தூய்மையைச் சோதித்துக் காப்பதே அதன் முதன்மை நோக்கம். கருவி எப்பக்கமும் செல்லும். எந்த மாட்டைப் பெருக்குவது என்பதை முடிவு செய்வது திட்டமிடுவோரே.

அந்த முடிவில் விலைக்கும் பங்கு உண்டு. கூட்டுறவுச் சங்கம் பாலை அளந்து, கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் கணக்கிட்டே பணம் கொடுக்கிறது. வெயிலைத் தாங்கும் திறனுக்கோ, குறைந்த தீவனத்தில் நிறைவடையும் குணத்துக்கோ சங்கத்தின் பேரேட்டில் தனிப் பத்தி இல்லை. வெச்சூர்ப் பசுவை வளர்ப்பவருக்கு, இனக் காப்புக்குரிய ஊதியம் பெரும்பாலும் கன்றின் விலை வழியாகவே வருகிறது. ஆர்வலர்கள் கன்றுகளை விரும்பி வாங்கும்வரை அது கிடைக்கும். அந்த விருப்பம் தணியும் நாளில் அவ்வூதியத்தைக் கொடுப்பது யார் என்பதை, உறைவிந்துக்கும் மரபணுச் சில்லுக்கும் நிதி ஒதுக்கும்போதே வரவு செலவுத் திட்டத்தில் எழுதி வைப்பது நலம்.