குளமும் கூடையும்

நாரந்தனை முதலிய ஊர்களையுடைய வேலணைத் தீவிலே ஆறென ஒன்று இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் மழையே ஆண்டு முழுவதற்கும் நமக்கு நீர். அது சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களால் உள்ளிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்பின், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் உண்டென்பது நிலநூலார் கணக்கு. மேலுள்ள அவ்வோரடியை இறைத்துத் தீர்ப்போமாயின், கீழே நாற்பதடியும் நாளடைவில் உவராகும். ஆதலின் மழையைத் தேக்கி மெல்ல உட்புகவிடும் குளமும் கேணியும் நமக்கு உயிர்நிலைகளாம்.

யாம் கற்றது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்திலே. அங்கே பூகோளம் செவ்விதிற் கற்பித்தனர். அதற்கு இன்றும் நன்றியுடையேம். ஆயின் குளத்தைத் தீர்த்தமென்றல் அறியாமை என்றும் அங்கே கேட்டு, வீடு சென்று ஆச்சியாரோடு வாதிட்டோம். ஆச்சியார் விடையொன்றுங் கூறிலர். மறுநாட் காலையிலே குளத்துள் வாய் கொப்பளித்து உமிழ்ந்த எம்மை முதுகில் ஒன்று வைத்தார். நீர்நிலையில் உமிழ்தல் பாவம் என்பதே அவர் படித்த பூகோளம்.

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே குளம், ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி, மடம் என்பன அருகருகே நிற்கக் காணலாம். கருவுற்றிருந்தபடியே இறந்த பெண்ணின் பொருட்டுச் சுற்றத்தார் சுமைதாங்கி நாட்டுவர். அவள் இறக்கிவைக்கப் பெறாத சுமை, வழிப்போக்கர் தத்தம் சுமையை இறக்குந்தோறும் இறங்குமென்பது கருத்து. எந்தச் சட்டம் இதனைச் செய்வித்தல் கூடும்? ஒரு குடும்பத்தின் துயரம் கல்லாக நின்று ஊருக்கு உதவிற்று.

எனினும், நம்பிக்கை உளதாயின் அமையும் என்று யாம் கூறமாட்டோம். கோயில் வேம்பை வலம்வருவோரே தம் வேலியோரத்து வேம்பைக் கூசாது தறிக்கின்றனர். தீர்த்தக்கேணியைக் கும்பிட்ட கையே, அருச்சனைப் பொருள் கொணர்ந்த பொலித்தீன் பையை அதன் படியில் விட்டுப் போகின்றது. தெய்வத்துக்குரியது தானே தூய்மையாகும் என்றிருந்துவிடுகின்றோம் போலும். 1990ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் போரினாலே தீவகத்து மக்கள் பெரும்பாலார் இடம்பெயர்ந்தனர்; யாமும் அவருள் ஒருவேம். அப்பொழுது குளத்தின்மேல் வைத்த பக்தி போகவில்லை. தூர் வாருங் கைகளே போயின. கடல்கடந்து வாழ்வோர் ஊர்மேல் வைத்த அன்பு பெரிது. அது கோபுரமாக எழுதல் கண்டு மகிழ்கின்றோம். குளத்துள் இறங்குதலோ அரிதாயிருக்கின்றது.

ஆசிரியர்காள்! தண்டியடிகள் சரிதத்தைக் கண்பெற்ற அற்புதத்தோடு முடித்துவிடுகின்றோமல்லமோ? திருவாரூர்க் கோயிலின் மேற்றிசைக் குளம் இடங்குறைந்து கிடந்தது. கட்பார்வையில்லாத அவர் தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவித் தடவி மண் சுமந்தார் என்று சேக்கிழார் கூறும் பகுதியன்றோ நம் மாணாக்கர்க்கு முதலில் வேண்டுவது? நாவுக்கரசர் கையிலும் உழவாரம் இருந்தது. அப்பூதியடிகள் அவர் பெயரால் வைத்தது தண்ணீர்ப்பந்தர். அன்பு இவர்கள்பால் ஒரு கருவியைப் பற்றியே நின்றது.

இப்பாடத்தை யாம் நடத்தியவாறு இது. கயிற்று நுனியிற் கல்லைக் கட்டி, மார்கழியிலும் ஆவணியிலும் பள்ளிக் கிணற்றின் நீர்மட்டம் வரை இறக்கி, கிணற்று விளிம்பு நின்ற இடத்தில் முடிச்சிடுவித்தோம். பின்னர்ச் சரிதத்தைச் சொன்னோம். சாமியின் குளமாயின் சாமியே ஏன் வாரவில்லை என்று ஒரு பையன் வினவினான். எமக்குச் சட்டென விடை வரவில்லை. சனிக்கிழமை கூடையோடு வந்தவர் அறுவர், வினவியவனும் வந்தான். கத்தோலிக்கப் பிள்ளை ஒருவனும் வந்து, எல்லாரினும் மிகுதியாக மண் சுமந்தான், நீர் ஒன்றேயன்றோ!

அக்கயிறு வகுப்புச் சுவரிலே தொங்குகின்றது. சென்ற ஆவணியின் முடிச்சு, அதற்கு முந்திய ஆவணியின் முடிச்சினும் கல்லிலிருந்து ஒரு சாண் விலகியிருக்கின்றது.