ஒரே மொழியில் எச்சரிக்கை

2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ரா அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கருவிகள் அதனைச் சில நிமிடங்களில் கண்டறிந்தன. சுனாமி இலங்கையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. ஆயினும், எச்சரிக்கையைக் கரையோர மக்களிடம் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடல் வட்டாரத்தில் அப்போது இல்லை.

ஆபத்தைக் கண்டறிவது ஒரு கருவி; மக்களுக்கு அறிவிப்பது வேறொரு கருவி. இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள உதவுவதே ‘பொது எச்சரிக்கை நெறிமுறை’. இதனை அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2007இல் ஏற்றுக்கொண்டது. என்ன ஆபத்து, எங்கே, எவ்வளவு கடுமையானது, மக்கள் என்ன செய்ய வேண்டும் ஆகிய விவரங்கள் இதில் ஒரே அமைப்பில் எழுதப்படுகின்றன. எனவே, ஒருமுறை எழுதிய செய்தியை வானொலி, கைப்பேசி, அபாயச்சங்கு ஆகிய அனைத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். தனித்தனியாக எழுதுவதில் வீணாகும் நிமிடங்கள், மக்கள் மேட்டு நிலத்தை அடையக் கிடைக்கின்றன.