செய்தி தந்தவர் யார்?

ஒன்பதாம் வகுப்பில் நாளிதழ் வாசித்ததும், "இதை எழுதியவர் எங்கே குடியிருக்கிறார்?" என்று கேட்பேன். 2011 டிசம்பர் முல்லைப் பெரியாறு போராட்டச் செய்திகள் என்றால் கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்களுக்கு விடை எளிது: உள்ளூர் நிருபர், நம் ஊர்க்காரர்.

அடுத்து யாழ்ப்பாணம். மயில்வாகனம் நிமலராஜன் பிபிசி தமிழ், சிங்களச் சேவைகளுக்குச் செய்தி அனுப்பியவர். 2000 அக்டோபர் 19 இரவு, வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியே சுட்டார்கள். உள்ளே கையெறி குண்டும் வீசினார்கள்; தாக்குதலில் பெற்றோர் காயமடைந்தனர். அப்போது ஊரடங்கு. அந்தச் சொல்லில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். எவரும் வெளியே வரக்கூடாத நேரத்தில், இராணுவக் காவல் மிகுந்த நகரில், கொலையாளிகள் எப்படி வந்து போனார்கள்? இதை மாணவர்களே கேட்டுவிடுவார்கள்.

வெளிநாட்டு நிருபர் வேலை முடிந்ததும் விமானம் ஏறுவார். உள்ளூர்க்காரரின் வீடு எல்லோருக்கும் தெரியும். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்தில் 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள்.

படங்கள் காட்டுவதில்லை, அந்த வயதுக்குத் தேவையுமில்லை. செயல்பாடாக, ஒரு செய்தியைக் கொடுத்து, அதற்காக நிருபர் யார் யாரிடம் பேசியிருப்பார், அவர்களில் யாருடைய பெயரை மறைத்திருக்கிறார் என்று குழுவாக எழுதச் சொல்கிறேன்.