நினைவகத்தில் பழுதுக் கட்டங்கள்

காந்தலூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த ஊர். பூண்டும் கரும்பும் விளையும் இத்தகைய இடத்தில் மழைக் கணக்கு உழவர்க்கு இன்றியமையாதது. தானியங்கி மழைமானியை இங்கு நிறுவினால், அதனுள் பொதிந்த சிறு கணிப்பொறி அக்கணக்கை ஃபிளாஷ் நினைவகத்தில் பதிக்கும். மின்சாரம் நின்றாலும் பதிவு அழியாது. ஆயினும் அந்நினைவகம் குற்றமற்ற பொருளன்று.

தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோக்காவின் குழுவினர் 1987-இல் வெளியிட்ட நாண்ட் வகையே இன்று பெருவழக்கு. ஒரு கிகாபிட் கொள்ளளவுள்ள சில்லு ஒன்றில் பெரும்பாலும் 1,024 கட்டங்களும், கட்டந்தோறும் 64 பக்கங்களும் இருக்கும். எழுதுவது பக்கம் பக்கமாக; அழிப்பதோ கட்டம் முழுவதுமாக. இக்கட்டங்களுள் 20 வரை பயனற்றுப் போகலாம் என்று உற்பத்தியாளரே அறிவித்து விற்பதுண்டு. விலை மலிவுக்கு இதுவும் ஒரு காரணம்.

தொழிற்சாலையிற் கண்ட பழுதுக் கட்டத்தின் ஓரப் பகுதியில் ஒரு குறி இடப்பட்டிருக்கும். அழிக்கப்பட்ட நல்ல கட்டத்தில் எல்லாப் பிட்டுகளும் 1 ஆகவே நிற்கும். குறியிடத்தில் வேறு மதிப்பு இருந்தால் அது பழுது. எதையும் அழிக்குமுன் இக்குறிகளைப் படித்து அட்டவணையாக்குதல் வேண்டும். புதுச் சில்லைத் தூய்மை செய்வதாக எண்ணி முழுவதும் அழிப்போர் உளர். குறிகளும் உடன் அழிந்தால் அவற்றை மீட்க வழியில்லை. பின்னர் அக்கட்டத்தில் விழும் மழைக் கணக்கு ஓசையின்றிக் கெடும்.

வகுப்பில் விளக்கும் ஆசிரியர் பேரேட்டை எடுத்துக்காட்டலாம். மை ஊறும் தாளைக் கிழிக்காமல் ‘எழுதற்க’ எனக் குறித்து அடுத்த தாளுக்குச் செல்கிறோமன்றோ?

பயன்பாட்டினாலும் கட்டங்கள் தேயும். எழுதுவதோ அழிப்பதோ தவறினால், அங்குள்ள நல்ல பக்கங்களைச் சேமக் கட்டத்திற்குப் பெயர்த்து, பழையதைக் குறித்து ஒதுக்க வேண்டும். படிக்கும்போது ஓரிரு பிட்டுகள் மாறியிருத்தல் பழுதாகாது. திருத்தக் குறியீடு அதனைச் சரிசெய்யும். அழிக்கும் நடுவே மின்கலம் ஓய்ந்தால் கட்டம் அரைகுறையாய் நிற்கும். அதையும் பழுதென்று தள்ளாமல் மீண்டும் அழித்துப் பார்க்கலாம்.

மனிதர் சென்று மாற்ற இயலாத இடத்திலும் இம்முறை வேண்டப்பட்டது. 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 2014-இல் மறதிக்கு ஆளாயிற்று. அதன் ஏழு ஃபிளாஷ் பகுதிகளுள் ஏழாவதை விலக்குமாறு பொறியியலார் பூமியிலிருந்தே மென்பொருளை மாற்றினர். மறதி முற்றும் நீங்கவில்லை. பின்னர் ஃபிளாஷை நாடாது, ஊர்தி உறங்குமுன் அன்றன்றைய செய்தியை அனுப்பச் செய்தனர்.

காந்தலூருக்கு ஆள் செல்லலாம். ஒவ்வொரு முறையும் பதிவுகளைப் படியெடுத்து, பழுதுக் கட்டங்களின் எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதி வருக. சேமக் கட்டங்கள் தீரும் நிலை தெரிந்தால், பருவமழைக்கு முன்னரே சில்லை மாற்றிவிடுதல் வேண்டும்.