திமிங்கிலத்தின் கணுக்கால்

அன்புள்ள கயலுக்கு,

பரிணாமப் பாடத்தைப் படித்துவிட்டு, "யாருமே கண்ணால் பார்க்காத ஒன்றை நடந்தது என்று எப்படி மாமா அடித்துச் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். குரங்கையும் மனிதனையும் வைத்துப் பதில் சொல்லத் தொடங்கினால் உன் தாத்தாவுக்குக் கோபம் வந்துவிடும். யாருக்கும் மனத்தாங்கல் வராத திமிங்கிலத்தை எடுத்துக்கொள்வோம்.

அது மீன் இல்லை என்பது உனக்குத் தெரியும். நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. நீந்தும் விதத்தையும் கவனி. மீன் வாலை இடமும் வலமும் ஆட்டும். திமிங்கிலம் மேலும் கீழுமாக அடிக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் விலங்கின் முதுகெலும்பும் மேலும் கீழுமாகத்தான் வளைகிறது. அப்படியானால் அதன் முன்னோர் தரையில் ஓடித் திரிந்த பாலூட்டிகளாக இருக்க வேண்டும்.

டார்வினும் அப்படித்தான் நினைத்தார். வட அமெரிக்காவில் ஒரு கரடி வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்திப் பூச்சி பிடித்ததைச் சொல்லி, இப்படிப்பட்ட விலங்கு காலப்போக்கில் திமிங்கிலம் போல ஆகலாம் என்று 1859இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதினார். பலரும் கேலி செய்யவே, அடுத்த பதிப்பில் அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டார். கரடி என்பதுதான் பிசகு. தரையிலிருந்து கடலுக்கு என்ற யோசனை சரி.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எந்த விலங்கும் கடலுக்குப் போக ஆசைப்பட்டுத் தன் காலைச் சுருக்கிக்கொள்ளவில்லை. ஒரே இனத்துக்குள் ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடுகள் இருக்கும். அவற்றில் பல, குட்டிகளுக்கும் போய்ச் சேரும். தண்ணீரில் இரை தேடிப் பிழைக்கும் கூட்டத்தில், கொஞ்சம் நன்றாக நீந்துகிறவை கூடுதல் குட்டிகளை விட்டுச்செல்லும். இது லட்சக்கணக்கான தலைமுறைகளுக்குத் தொடர வேண்டும். இயற்கைத் தேர்வு என்பது அவ்வளவுதான். இதில் திட்டமும் இல்லை, இலக்கும் இல்லை.

சரி, சாட்சி எங்கே? பெரும்பாலும் நம் துணைக்கண்டத்தில்தான். ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பரப்பு ஆசியாவோடு மோதிக்கொண்டிருந்தபோது, இரண்டுக்கும் நடுவே டெத்திஸ் என்ற கடல் சுருங்கிக்கொண்டிருந்தது. அதன் கரையோரப் பாறைகளில், இன்றைய பாகிஸ்தானில், கிடைத்து 1981இல் அறிவிக்கப்பட்ட பாகிசீட்டஸ் ஓநாய் அளவு விலங்கு. ஆனால் அதன் காதெலும்பு திமிங்கிலத்துடையது. 1994இல் வெளியான ஆம்புலோசீட்டஸுக்கு நடக்கவும் நீந்தவும் உதவும் பெரிய பாதங்கள். கட்ச் பகுதியிலும் பழைய திமிங்கிலங்கள் கிடைத்துள்ளன. எகிப்துப் பாலைவனத்தில் கிடைத்த பாசிலோசாரஸ் முழுக்கக் கடல்வாசி. அதற்கும் முட்டியும் விரலும் உள்ள சின்னஞ்சிறு பின்னங்கால்கள் இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குள் நடந்த ஒரு சண்டை. திமிங்கிலத்தின் மூதாதை மீசோனிக்கிட் என்னும் அழிந்துபோன, குளம்புள்ள ஊனுண்ணி என்று புதைபடிவ நிபுணர்கள் பலர் நம்பினார்கள். பற்கள் அப்படியே ஒத்திருந்தன. மரபணு ஆய்வாளர்களோ, திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை என்றார்கள். ஜப்பானில் ஓக்காடாவின் குழு 1999இல் வலுவான ஆதாரம் வைத்தது: டிஎன்ஏவுக்குள் தற்செயலாகச் செருகிக்கொள்ளும் சில துண்டுகள், திமிங்கிலத்திலும் நீர்யானையிலும் ஒரே இடங்களில் இருந்தன.

யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு வழி இருந்தது. ஆடு, மாடு, பன்றி, நீர்யானை அடங்கிய கூட்டத்துக்குக் கணுக்காலில் ஓர் எலும்பு உண்டு. அதன் இரு முனைகளும் கப்பிச் சக்கரம்போல் நடுவில் குழிந்திருக்கும். வேறு எந்த விலங்குக்கும் அப்படி இல்லை. ஆதித் திமிங்கிலத்தின் கணுக்கால் கிடைத்தால் தீர்ந்தது. 2001இல் புதைபடிவ நிபுணர்களான கிங்கரிச், தேவிசன் இருவரின் குழுக்களும் பாகிஸ்தானில் கிடைத்த கணுக்கால்களைத் தனித்தனியே அறிவித்தன. இரண்டிலும் கப்பி! நீர்யானை உறவை நம்பாதிருந்த கிங்கரிச்சும் ஏற்றுக்கொண்டார்.

பிறகு காஷ்மீர்ப் பக்கம் காலாகோட்டில் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்து வைத்திருந்த பாறைகள், அவர் மறைவுக்குப் பின் அவர் மனைவி வழியாகத் தேவிசனிடம் வந்தன. சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்தது. உள்ளே திமிங்கிலத்துக்கே உரிய தடித்த காதெலும்பு. பூனை அளவேயான அந்த விலங்கின் பெயர் இந்தோஹியஸ்; குட்டை மான் போன்ற குளம்பி. எலும்புகள் கனமானவை, தண்ணீரில் நடமாடியதற்கு அது அடையாளம். 2007இல் இது வெளியானது.

உயிரோடு இருக்கும் திமிங்கிலங்களே மிச்சத்தைச் சொல்லும். திமிங்கில இனத்தைச் சேர்ந்த ஓங்கிலின் (டால்பின்) கருவில் பின்னங்கால் மொட்டுகள் முளைத்துச் சில வாரங்களில் மறைகின்றன. பல்லே இல்லாத நீலத்திமிங்கில வகையின் கருவில் பல் அரும்பி, பிறக்குமுன் கரைந்துவிடும். 2006இல் ஜப்பானின் தாய்ஜியில் பிடிபட்ட ஓர் ஓங்கிலுக்குப் பின்புறம் கூடுதலாக ஒரு ஜோடித் துடுப்பே இருந்தது.

ஆக, யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கருத்தைப் பொய்யாக்குவது எளிது, கயல். டைனோசர் காலத்துப் பாறையில் திமிங்கில எலும்பு ஒன்று கிடைத்தால் போதும், நான் எழுதியதெல்லாம் குப்பைக்குப் போகும். உலகெங்கும் இத்தனை காலம் தோண்டியும் அப்படி ஒன்று இதுவரை கிடைக்கவில்லை.

அன்புடன்,
மாமா