வன்தட்டு மறைவும் மின்குறையும்

கணினியில் நாம் எழுதியனவும் தொகுத்தனவும் வன்தட்டு எனப்படும் ஹார்டு டிஸ்கிலேயே உறைகின்றன. நேற்றுவரை செவ்வனே இயங்கிய கணினி இன்று அத்தட்டு உளதென்றே அறியாது நிற்குமாயின், உடையார்க்கு உண்டாகுங் கலக்கம் பெரிதாம். பல்லாண்டு உழைப்பு அழிந்ததெனக் கருதித் தட்டினை எறிந்துவிடுவாரும் உளர். ஆயினும், தட்டு நன்னிலையில் இருப்பவும், அதற்குச் செல்லும் மின்சாரங் குறைந்தமையால் அது காணப்படாது போதலும் உண்டு. ஆதலின், தட்டின்மேற் குற்றஞ் சாற்றுமுன் மின்வழியை ஆராய்தல் வேண்டும். அம்முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மேசைக் கணினியினுள் எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் மின்வழங்கியானது, வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டு அளவினதாக மாற்றித் தருகின்றது. மூன்றரை அங்குல வன்தட்டில் 12 வோல்ட்டு மோட்டாரைச் சுழற்றும். 5 வோல்ட்டு மின்னணுப் பலகையை இயக்கும். நின்ற தேரைப் பெயர்த்தற்கு வேண்டும் வலிமை, ஓடுந் தேரை இழுத்தற்கு வேண்டுவதில்லை. அதுபோலவே தட்டும், சுழலத் தொடங்குஞ் சில நொடிகளில் 12 வோல்ட்டு வழியில் ஏறத்தாழ 2 ஆம்பியர் வேண்டிநின்று, பின்னர்க் குறைந்த அளவிலேயே அமைகின்றது. நான்கு தட்டுகள் ஒருங்கே எழுமாயின் தேவை 8 ஆம்பியர் அளவாகும். முதுமையுற்ற மின்வழங்கி அச்சுமைக்குத் தளருமாயின், தட்டு முழு விரைவை எய்தாது. கணினியும் அதனைக் காணாது.

இனி ஆராயும் முறை வருமாறு:

முதலாவது, மறைந்தது ஒரு தட்டோ, எல்லாத் தட்டுகளுமோ என நோக்குக. எல்லாம் ஒரே வேளையிற் கெட்டன எனல் பெரும்பாலும் பொருந்தாது. அவற்றிற்குப் பொதுவாகிய மின்வழங்கி, மின்கம்பி, மதர்போர்டு ஆகியவற்றையே ஐயுறல் வேண்டும்.

இரண்டாவது, செவிகொடுத்துக் கேட்க. சுழலும் ஒலி சீராகக் கேட்குமாயின், ஐயம் தரவுக் கேபிளின்மேற் செல்லும். அதனை மாற்றிப் பார்க்க. ஒலியே இல்லையாயின் மின்னிணைப்பை நாடுக. எழுவதும் அடங்குவதுமாக இருப்பின், மின்குறையாகவும் உட்பழுதாகவும் இருத்தல் கூடும். சுழலும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. வகைக்கு இச்சோதனை உதவாது.

மூன்றாவது, கணினியை நிறுத்தி, சுவரிலுள்ள பிளக்கையுங் கழற்றியபின், மற்றத் தட்டுகளின் மின்னிணைப்பை நீக்குக. ஐயத்திற்குரிய தட்டை மட்டும் அதன் பழைய முனையிலேயே வைத்து இயக்குக. இப்பொழுது அது தோன்றுமாயின், குற்றம் மிகுந்த சுமையைச் சார்ந்ததாதல் கூடும். தோன்றாதாயின், மீண்டும் நிறுத்தி, அதே மின்வழங்கியின் வேறொரு முனையில் மாட்டிப் பார்க்க. அங்குத் தோன்றுமாயின் குற்றம் முன்னைய முனையினதே.

நான்காவது, மல்டிமீட்டரால் அளக்க. தட்டுகள் இயங்குங்கால், ஒழிந்திருக்கும் நான்கூசி முனையொன்றில் கருப்புக் கம்பிக்கும் மஞ்சள் கம்பிக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட்டு வரையும், கருப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட்டு வரையும் இருத்தல் முறை. சுமையின்றி அளந்த அளவை நம்பற்க. வெற்றுக் கையனாய் நிமிர்ந்து நடப்பான், மூட்டை ஏற்றியபின் கூனுதல் இயல்பன்றோ?

புதிதாக மாட்டிய தட்டு இயங்காதாயின், வேறொரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டு வெளிவந்த சாட்டா 3.3 விதியைத் தழுவிய சில தட்டுகள், மின்முனையின் மூன்றாம் ஊசியில் 3.3 வோல்ட்டு வருமாயின் இயங்காது நிற்கும். பழைய மின்வழங்கிகள் அவ்வூசியில் அதனைத் தருவன. 3.3 வோல்ட்டு இல்லாத நான்கூசி முனையிலிருந்து மாற்றிணைப்பு வழியாக மின்சாரந் தரின், அத்தட்டு எழும்.

மாணவர் இரண்டினை விலக்குதல் வேண்டும். மின்வழங்கியின் பெட்டியைத் திறவற்க. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிர்க்கு ஊறு செய்யும் மின்சாரந் தங்கியிருக்கும். ஒரு மின்வழங்கியின் கழற்று கேபிளை வேறொன்றில் மாட்டற்க. முனை ஒத்திருப்பினும் உள்ளமைப்பு வேறுபடுமாதலின், 5 வோல்ட்டு செல்லுமிடத்து 12 வோல்ட்டு புகுந்து, பிழைத்திருந்த தட்டையும் எரித்துவிடும்.

தட்டு மீண்டும் தோன்றியவழி, மகிழ்ந்து வாளா இருத்தல் தகாது. அதிலுள்ளவற்றை வேறோர் இடத்திற் படியெடுத்து வைத்தலே முதற் கடமை. மின்வழங்கியை விலைகொடுத்து மாற்றலாம், தட்டினையும் மாற்றலாம், அதில் எழுதி வைத்த நம் உழைப்பையோ எக்கடையிலும் பெறல் அரிது.