‘ஆல்புமின் இல்லை’ என்றால் புரதம் இல்லை என்று அர்த்தமா?

சிறுநீர் ரிப்போர்ட்டில் ‘ஆல்புமின்: இல்லை’ என்று வந்தால், “அப்பாடா, கிட்னி நல்லா இருக்கு” என்று அதை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். ஆனால் அந்த வரி சொல்வது, ஆல்புமின் என்ற ஒரு புரதம் இல்லை என்பதைத்தான். வேறு புரதம் ஒளிந்திருக்கலாம்!

அது என்ன புரதம்?

நம் எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள், கிருமிகளை எதிர்க்கப் பலவிதப் புரதங்களைத் தயாரிக்கின்றன. சிலருக்கு, பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல், ஒரே ஒரு செல்லின் வாரிசுகள் மட்டும் பெருகி, ஒரே அச்சில் வார்த்த புரதத்தைக் கொட்டுகின்றன. மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய் இந்த வகைதான். அந்தப் புரதத்தின் சிறு துண்டுகள் சிறுநீரில் இறங்கும். அளவு மிஞ்சினால் சிறுநீரகக் குழாய்களை அடைத்துவிடும்.

1845-ல் லண்டனில், எலும்பு வலியால் துடித்த ஒரு வியாபாரியின் சிறுநீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற டாக்டர் ஆராய்ந்தார். அமிலம் விட்டதும் உறைந்த பொருள், சூடாக்கினால் கரைந்தது. ஆறியதும் மறுபடி உறைந்தது. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி கரையுமா? கரையாது. ஆகவே இது வேறு புரதம் என்று தெரிந்தது. இன்றும் அவர் பெயராலேயே ‘பென்ஸ் ஜோன்ஸ் புரதம்’ என்கிறோம்.

எங்கள் சித்த மருத்துவத்திலும் நெய்க்குறி உண்டு. சிறுநீரில் விட்ட நல்லெண்ணெய்த் துளி பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய் நின்றால் பித்தம், முத்தாய் நின்றால் கபம். ஆனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: இந்தப் புரதத்தை எண்ணெய்த் துளியும் காட்டாது. லேபில் முக்கி எடுக்கும் பட்டையும் பெரும்பாலும் ஆல்புமினைத்தான் காட்டும்.

யார் கவனிக்க வேண்டும்?

எங்கள் சங்ககிரி லாரித் தொழில் ஊர். “ஸ்டியரிங் புடிச்ச இடுப்புங்க, வலிக்கத்தான் செய்யும்” என்பார்கள். பெரும்பாலும் வாஸ்தவம்தான். ஆனால் வயதானவர்களுக்கு வாரக்கணக்கில் தீராத முதுகு, விலா வலி. அதோடு காரணம் தெரியாத சோகை, அசதி, அடிக்கடி தொற்று, கிரியாட்டினின் ஏறுவது இவை சேர்ந்தால் தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். சில மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். டாக்டரிடம், “எலக்ட்ரோபோரெசிஸ் டெஸ்ட் தேவைப்படுமாங்க?” என்று கேளுங்கள். புரதங்களை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் சோதனை அது. எந்த வகைப் புரதம் என்பதை இம்யூனோஃபிக்சேஷன் சொல்லும். இரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

24 மணி நேரச் சிறுநீர் சேர்ப்பது எப்படி?

காலை 6 மணிக்குப் போகும் சிறுநீரைக் கொட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு போவதையெல்லாம், மறுநாள் காலை 6 மணிக்குப் போவது உட்பட, லேப் தரும் கேனில் சேருங்கள். ஒரு முறை தவறினாலும் கணக்கு கெட்டுவிடும். மறைக்காமல் லேபில் சொல்லி, மறுபடி சேருங்கள்.

ஒரே வகைப் புரதம் தெரிந்தாலே புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். சிலருக்கு அது நோயாக மாறாமலே பல வருஷம் இருக்கும். அவ்வப்போது சோதித்து வந்தால் போதும். மைலோமாதான் என்றால் இரத்தநோய் நிபுணரிடம் போங்கள். இன்று நோயைக் கட்டுப்படுத்த நல்ல மருந்துகள் உள்ளன. சித்த மருந்து ஏதாவது சாப்பிட்டு வந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் கெடுவதற்கு முன்னால் போய்ச் சேருவதுதான் முக்கியம்.